பிராணி சுபாவமும் உயர்தரக் கல்வியும்

திருப்பூர் என்ற பெயரைக் கேட்டதும் பனியன் ஞாபகத்துக்கு வராத தமிழர் இருக்க முடியாது. பின்னல் யந்திரமும் சாயப்பட்டறையும் தையற்கூடமும் அல்லாமல் அந்த ஜில்லாவில் வேறு என்ன வித்தை இருக்கிறதென்று கேட்பவரும் உண்டு. அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு விஷயத்தை இன்று நமது வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். பிராணிகளின் சுபாவத்தை அறிந்து, அவற்றைப் பழக்கி, மனிதனுடன் இணங்கி வாழச் செய்யும் வித்தை, பனியன் தொழிலுக்கு மிக மூத்ததாக அந்த ஜில்லாவில் வேரூன்றி நிற்கிறது. அதற்கென்று உயர்தரப் பட்டப்படிப்பு ஒன்று அங்கே ஏற்பட வேண்டும். அதைத் தாமதிப்பதால் மனிதருக்கும் பிராணிகளுக்கும் விளைகிற நஷ்டம் இனிப் பொறுக்கத்தக்கதன்று என்பது நமது திடமான அபிப்பிராயம்.

காங்கேயம் மாட்டின் பெருமையைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் வம்சத்தார் அதன் வளர்ப்பில் காட்டிய சிரத்தையும், வெள்ளகோவிலுக்கு அருகே கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையும் தென்னாடெங்கும் பிரசித்தமானவை. ஆனால் மாட்டின் திமிலையும் கொம்பையும் புகழ்கிறவர்கள், அதைப் பழக்கியவனுடைய அறிவைப் புகழ்வதில்லை. மின்சாரப் பம்பு வருவதற்கு முன் கொங்குநாட்டின் ஆழ்கிணறுகளில் கவலை இறைத்த முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டு எருதுகள் சரிவுத் தடத்தில் இறங்கி வடத்தை இழுக்க, கிணற்றிலிருந்து நீர் மேலே வரும். வாய்க்காலில் நீர் கொட்டியதும், அதே எருதுகள் திரும்பாமல் பின்னடியாகவே சரிவின்மேல் ஏறவேண்டும். முன்னோக்கி நடப்பது மாட்டுக்கு இயற்கை. சுமை கட்டிய நுகத்துடன் பின்னோக்கி ஏறுவது இயற்கையன்று. அதை நாள் முழுதும் செய்ய ஒரு பிராணி இணங்குகிறதென்றால், அதைப் பழக்கியவன் அதன் மனத்தை அறிந்தவனாகவே இருந்திருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூர்ச் சீமையில் பரவிய கம்போடியாப் பருத்தி இந்தக் கிணற்று நீரில் விளைந்தது. அந்தப் பருத்தியை அரைத்த ஆலைகளோடுதான் திருப்பூரின் செல்வம் துளிர்விட்டது. ஆதலால் பனியன் நகரம் அந்த எருதுக்கும் அதைப் பழக்கிய குடியானவனுக்கும் கடன்பட்டிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஜில்லாவின் தென்கோடியில் உடுமலையும் அமராவதியும் ஆனைமலைக் காடுகளோடு சேர்ந்திருக்கின்றன. அங்கே வித்தையின் இன்னொரு கிளை தழைக்கிறது. மலையை ஒட்டி மேற்கே, டாப்ஸ்லிப்பை அடுத்த கோழிக்கமுத்தி யானை முகாமில் மலசர் முதலிய பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக யானைப் பாகர்களாகவும் காவடிகளாகவும் ஊழியம் செய்து வருகின்றனர். அந்த முகாமின் கலீம் என்ற கும்கி யானை 99 நடவடிக்கைகளில் பங்குகொண்டு, தனது 60-வது வயதில், 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மரியாதை அணிவகுப்புடன் ஓய்வு பெற்றது. யானைக்குச் செய்த மரியாதை நியாயமானதே. அந்த 99 தடவையும் அதன் கழுத்தின்மேல் அமர்ந்து, எதிரே நிற்கும் காட்டு யானையின் காதசைவையும் வாலசைவையும் கொண்டு அடுத்த கணம் நடக்கப்போவதை ஊகித்த மனிதர்களின் ஞானத்துக்கு எந்தச் சர்வகலாசாலை பட்டம் அளித்தது?

இந்த ஞானம் வேண்டியிருந்த சமயம் ஒன்று 2019-ஆம் வருஷத்தில் வாய்த்தது. கோயமுத்தூருக்கு வடமேற்கே தடாகம் பகுதியில் விளைநிலங்களில் புகுந்துவந்த சின்னத்தம்பி என்ற ஆண் யானையை அவ்வருஷம் ஜனவரியில் வன இலாகாவினர் பிடித்து, கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டி, ஆனைமலையில் வரகளியாற்றுக் காட்டில் விட்டார்கள். சில நாட்களுக்குள் அது காட்டைவிட்டு வெளியேறி, கிராமம் கிராமமாக நடந்து, உடுமலைக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள பிரதேசத்தை வந்தடைந்தது. கரும்பும் நீரும் நிழலும் கிடைத்த இடத்தில் தங்கிவிட்ட அதை விரட்டக் கும்கிகள் வந்தன; அது அவற்றோடு சண்டையிடாமல் சிநேகம் கொண்டாடியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஜனங்கள் திரள் திரளாகப் பார்க்கச் சென்றார்கள். அதைக் கும்கியாக்குவதா, காட்டில் விடுவதா என்ற வாதம் சென்னை ஐகோர்ட் வரையில் போயிற்று. முடிவில் பிப்ரவரி 15-ந் தேதி மீண்டும் பிடிக்கப்பட்டு, வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைபட்டது. பின்னர் அதுவே கும்கியாகப் பழக்கப்பட்டு, ஊருக்குள் புகும் வேறு யானைகளை விரட்டும் வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டது.

நடந்ததற்கு யாரையும் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆனால் ஒன்று கேட்கிறோம். இடம் மாற்றிவிட்ட யானை திரும்பி வருமா, வராதா? பல வருஷங்களாகப் பயிரை உண்டு பழகிய பிராணிக்குக் காட்டுத் தீனி பிடிக்குமா? எந்த வயதுக்கு மேல் பழக்கம் மாற்றத்தக்கதல்ல? இவை ஊகத்தினால் தீர்க்கத்தக்க கேள்விகள் அல்ல. நீண்டகாலம் உற்றுப்பார்த்துக் குறித்துவைத்த அறிவினால் மட்டுமே இவற்றுக்கு விடை கூறமுடியும். அவ்விதம் விடை கூறத்தக்க நிபுணர்களை இந்நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். யானைகளோ அந்த விரல்களின் தொகைக்குள் அடங்குவனவாக இல்லை.

யானையாவது எப்போதோ ஒரு முறை வருவது. நாயோ நித்தியப் பிரச்னை. 2024-ஆம் வருஷக் கடைசியிலும் 2025-ஆம் வருஷத் தொடக்கத்திலும் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் தெருநாய்கள் இரவில் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன; விவசாயிகள் இறந்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்து நஷ்டஈடு கேட்டுக் கிளர்ச்சி செய்தார்கள். சர்க்காரும் நஷ்டஈடு அறிவித்தது. மானம் பார்த்த பூமியில் செம்மறியையே நம்பி வாழும் ஏழைக்கு அந்த உதவி அவசியமே. ஆனால் பசியை ஆற்ற ஓர் ஆடு போதுமாயிருக்க, நாய்க்கூட்டம் ஏன் பட்டி முழுவதையும் கடித்துப்போடுகிறது? ஓட வழியின்றி அடைபட்டுத் துள்ளும் ஆடுகளே மேலும் மேலும் அதன் வேட்டை உணர்ச்சியைக் கிளறுகின்றன என்று பிராணி சுபாவ சாஸ்திரம் கூறுகிறது. அப்படியாயின் பட்டியின் அமைப்பு, காவல் நாயின் வளர்ப்பு, சாலையோரத்தில் கொட்டப்படும் இறைச்சிக் கழிவு ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராயவேண்டாமா? ஆடு செத்தபின் கொடுக்கும் பணம் அடுத்த ஆட்டைக் காப்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2025 ஆகஸ்டு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட், டில்லித் தெருநாய்களைப் பற்றிய தனது முந்திய உத்தரவைத் திருத்தியபோது, கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாமென்றும், வெறிநோய் கண்ட நாய்களையும் ஆக்ரோஷ சுபாவமுள்ள நாய்களையும் விடலாகாதென்றும் கூறியது. வெறிநோயை வைத்தியர் கண்டு சொல்வார். ஆக்ரோஷ சுபாவத்தைக் கண்டு சொல்பவர் யார்? அச்சத்தால் குரைக்கும் நாய்க்கும், குட்டியைக் காக்கச் சீறும் நாய்க்கும், கடிப்பதையே வழக்கமாக்கிக்கொண்ட நாய்க்கும் உள்ள பேதத்தை அறிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருந்தாலல்லவா இத்தகைய உத்தரவு நடைமுறைக்கு வரும்? இரவு வேலை முடிந்து பனியன் ஆலையிலிருந்து வீடு திரும்பும் பெண் தொழிலாளிக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. உயிரைப் பற்றிய கவலையாகும்.

ஏறுதழுவல் வழக்கும் இதே பாடத்தைத்தான் புகட்டியது. 2014 மே மாதம் 7-ந் தேதி ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சுப்ரீம் கோர்ட் தடைசெய்தபோது, காளை எதனால் ஓடுகிறது, அச்சத்தாலா என்பதே விவாதத்தின் உயிர்நாடியாக இருந்தது. 2017-இல் கிளர்ச்சியும் புதுச் சட்டமும் வந்தன. 2023 மே 18-ந் தேதி அரசியல் சாசன பெஞ்சு அச்சட்டத்தை ஒப்புக்கொண்டது. எப்பக்கம் நின்றவருக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. தமிழ்நாட்டுக் காளையின் சுபாவத்தைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே பல வருஷம் நடுநிலையுடன் ஆராய்ந்து எழுதிய நூல்கள் நம் கையில் ஏராளமாக இருந்திருந்தால், அந்த விவாதம் எவ்வளவோ தெளிவாக நடந்திருக்கும்.

பிராணி சுபாவ சாஸ்திரம் புதிய மோகமன்று. நாய்க்கு மணியோசையும் உணவும் ஒன்றோடொன்று இணைந்து பதியும் விதத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற ருஷ்ய அறிஞர் பாவ்லோவ் 1904-லேயே, ஜீரண சம்பந்தமான தமது ஆராய்ச்சிக்காக, நோபல் பரிசு பெற்றவர். தேனீயின் நடனத்துக்குப் பொருள் கண்ட பிரிஷும், லோரன்ஸ், டின்பர்கன் என்ற இருவரும் பிராணிகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காகவே 1973-இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு நடத்தையைப் பார்த்தால் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும் என்றார் டின்பர்கன்: அதை உடனே தூண்டுவது எது, பிராணியின் வாழ்நாளில் அது எப்படி உருவாயிற்று, அதனால் பிராணிக்கு என்ன பயன், அதன் முன்னோரிடமிருந்து அது எவ்வழியாக வந்தது என்பன அவை. பட்டியில் பாயும் நாய்க்கும் கரும்புத் தோட்டத்தில் புகும் யானைக்கும் இந்த நான்கு கேள்விகளும் பொருந்தும்.

இந்தச் சாஸ்திரம் மனிதனை ஏமாற்றத்திலிருந்து காப்பதற்கும் ஓர் உதாரணம் கூறுவோம். பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறதென்று உலகமே வியந்தது. புங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்து, அது கணக்கறியாது, கேட்பவரின் தலையசைவையும் முகக் குறியையும் நுட்பமாகக் கவனித்தே குளம்பைத் தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907-இல் வெளியிட்டார். நம் வீட்டு வாசலில் தலையாட்டும் பூம்பூம் மாட்டைக் கண்டவருக்கு இதில் ஆச்சரியம் தோன்றாது. மாடு எதைக் கண்டு தலையசைக்கிறதென்பதை அதைப் பழக்கியவன் நன்றாய் அறிவான். பெர்லினில் அந்த அறிவு ஒரு நூலாயிற்று. நம்மிடம் அது வயிற்றுப்பிழைப்பாகவே நின்றுவிட்டது.

நம்மவருக்கு இந்த ஆராய்ச்சி கைவராதென்றும் எண்ண வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிராணிகளின் நடத்தைக்கென்றே ஒரு துறை ஏற்பட்டு, பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய சகாக்களும் அவ்வட்டாரத்துக் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சம் எட்டாத குகையில் கூண்டிலிருக்கும் வௌவால், தன் இனத்தாரின் போக்குவரவைக் கொண்டே பொழுதை அறிகிறதென்று அவர்கள் கண்டது உலகத்து விஞ்ஞானிகளால் ஏற்கப்பட்டது. கோயமுத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் 1990-இல் ஸ்தாபிக்கப்பட்ட சாலிம் அலி பறவையியல் நிலையமும் நமது எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

பழக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அடியாத மாடு படியாது’ என்பது பழமொழி. அநேகர் இதையே வேதமாகக் கொண்டு தார்க்குச்சியை எடுக்கிறார்கள். ஆனால் அடியினால் வருவது அச்சம். அச்சத்தினால் வருவது தற்காலக் கீழ்ப்படிதல். பிடி தளர்ந்த அன்று அதுவும் இல்லை. வேண்டிய செய்கையை மாடு செய்த கணத்திலேயே தீனியோ தட்டிக்கொடுத்தலோ கிடைத்தால், அந்தச் செய்கை நிலைபெறுகிறதென்பது ஸ்கின்னர் முதலியோரின் சோதனைகளால் ருசுவான விஷயம். நல்ல குடியானவனும் இதைத்தான் செய்துவந்தான். இளங்காளையைப் பழகிய எருதுடன் ஜோடி சேர்த்து நுகத்தில் பூட்டினான். கொஞ்ச தூரம் நடந்ததும் அவிழ்த்துத் தவிடும் புண்ணாக்கும் வைத்தான். மாட்டுக்கு ஏறக்குறைய 330 பாகை வரை கண்பார்வை உண்டென்றும், நேர் பின்னால் நிற்பவனை மட்டும் அது காணாதென்றும் இன்றைய நூல்கள் சொல்கின்றன. மாட்டின் பின்னால் சத்தமின்றிப் போகாதே என்று கொங்குநாட்டுப் பாட்டி பேரனுக்குச் சொன்னதும் அதுவேயன்றோ?

இனி, இப்போதுள்ள கல்வி ஏற்பாட்டைப் பார்ப்போம். சென்னை மிருக வைத்தியக் கல்லூரி 1903-இல் தோன்றியது. இந்தியாவிலேயே முதலாவதான கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989-இல் நமது ராஜ்யத்தில் ஏற்பட்டது. 2020-இல் உடுமலையிலேயே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் இக்கல்வியின் கண், பிராணியின் உடலின்மேல் இருக்கிற அளவுக்கு அதன் மனத்தின்மேல் இல்லை. கால்நடை வளர்ப்புப் பாடத்துக்குள் ஓர் உட்பாடமாகவே சுபாவம் வருகிறது. எடின்பர்க் பல்கலைக்கழகம் 1990-லேயே பிராணிகளின் நடத்தைக்கும் நலத்துக்கும் தனி முதுநிலைப் பட்டம் வைத்துவிட்டது. ராணுவத்துக்கு நாய் பழக்க மீரட்டில் பள்ளி இருக்கிறது. நமது பாகர்களும் காவடிகளுமாகப் பதின்மூவர் 2023-இல் தாய்லாந்தின் லம்பாங்குக்கு அனுப்பப்பட்டார்கள். வெளிநாட்டு முறையைக் கற்பது நன்றே. ஆனால் அவர்கள் திரும்பி வந்து கற்றதையும், தாம் முன்பே அறிந்ததையும் ஒப்பிட்டு எழுதிவைக்க ஓர் இடம் வேண்டாமா?

அந்த இடம் உடுமலை என்பதே நமது யோசனை. காங்கேயம் தொழுவம் ஒரு பக்கம், ஆனைமலை மறு பக்கம், கறிக்கோழிக்குப் பேர்போன பல்லடம் அண்டையில், நாய்த்தொல்லையால் நலிந்த ஆட்டுப்பட்டிகள் சுற்றிலும்; இதைக்காட்டிலும் பொருத்தமான பரிசோதனைச்சாலை எங்கே கிடைக்கும்? பிராணிகளின் சுபாவமும் பழக்கலும் என்ற இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு அங்கே தொடங்கட்டும். மிருக வைத்தியப் பட்டதாரிகளுக்கு மட்டுமின்றி, விலங்கியல், மனோதத்துவம் படித்தவர்களுக்கும் அது திறந்திருக்கட்டும்.

ஆயினும் மூன்று நிபந்தனைகளை வற்புறுத்துகிறோம். முதலாவது, பாகனும் மாடு பழக்குபவனும் ஆடு மேய்ப்பவனும் அங்கே வேடிக்கைப் பொருள்களாக அல்ல, சம்பளம் பெறும் உபாத்தியாயர்களாக அமரவேண்டும். அவர்கள் கூறியதைக் கொண்டு எழுதும் நூலில் அவர்கள் பெயரும் இருக்கவேண்டும். இரண்டாவது, பாடமும் ஆராய்ச்சியும் தமிழில் நடைபெற இடமிருக்கவேண்டும். மாட்டின் நடைக்கும் யானையின் மதத்துக்கும் நமது மொழியில் உள்ள நுண்ணிய சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தால் அரைகுறையாகிவிடும். மூன்றாவது, பாகர் குலத்துப் பிள்ளைகளுக்கும் கால்நடை வளர்ப்போர் பிள்ளைகளுக்கும் அங்கே ஸ்தானம் ஒதுக்கப்படவேண்டும். தகப்பன் உபாத்தியாயனாகவும் மகன் வாசற்படிக்கு வெளியேயும் நிற்கும் கல்லூரி நமக்கு வேண்டியதில்லை.

இதற்கு ஆட்சேபங்கள் வரும் என்பதை அறிவோம். பரம்பரை வித்தைக்குப் பட்டம் எதற்கு என்பர் சிலர். பரம்பரை அறுந்துபோகிறது என்பதே விடை. கவலை இறைத்த தலைமுறை மறைந்துவருகிறது; டிராக்டரும் பம்பும் வந்தபின் எருது பழக்கத் தெரிந்தவர் கிழவர்களாகிவிட்டார்கள். அவர்கள் இளைஞராயிருந்த காலத்து மாடுகளும் இப்போது இல்லை, பிள்ளைகள் பனியன் ஆலைக்குப் போய்விட்டார்கள். அவர்களோடு அந்த அறிவும் எரிந்து சாம்பலாக விடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்! படித்தவருக்கு உத்தியோகம் எங்கே என்பர் வேறு சிலர். வன இலாகா, நகரசபைகள், போலீஸ் நாய்ப் படை, மிருகக்காட்சிச் சாலைகள், கோழிப் பண்ணைகள், யானை வைத்திருக்கும் கோயில்கள் இவையெல்லாம் இன்று இவ்வறிவு இல்லாமலே செலவு செய்துவருகின்றன. இவற்றில் ஜில்லாவுக்கு ஒருவரை நியமித்தாலும் ஸ்தானங்களுக்குக் குறைவிராது. சில மாதங்களில் நாய்ப் பழக்குநர் என்று சான்றிதழ் வழங்கும் கடைகள் பெருகும் இக்காலத்தில், தரமான ஒரு படிப்பு இல்லாமையே போலிக்கு இடங்கொடுக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

பணம் எங்கே என்பது கடைசி ஆட்சேபம். இதற்குத் திருப்பூரே பதில் சொல்லும். பனியன் வேலை கண்பார்வையாலும் கைப்பழக்கத்தாலும் கற்ற வேலைதான். அவ்விதமே கற்று முன்னுக்கு வந்த முதலாளிகள் 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் கண்டு, 1997-இல் பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரியை உண்டாக்கினார்கள். கைப்பழக்கம் போதுமென்று அவர்கள் இருந்துவிடவில்லை. உலகச் சந்தையில் நிற்கக் கைப்பழக்கத்தோடு கல்வியும் வேண்டுமென்று உணர்ந்தார்கள். சர்க்கார் முன்வந்தால், பருத்திக்கு நீர் இறைத்த எருதின் கடனைத் தீர்க்க அவர்களும் பின்வாங்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

பிராணிகளால் வாய்திறந்து முறையிட முடியாது. அவற்றின் பொருட்டு மனிதரே பேசவேண்டியிருக்கிறது. சரியாகப் பேசவேண்டுமானால் அவற்றை அறிந்திருக்கவேண்டும். அடுத்த சின்னத்தம்பி காட்டைவிட்டு இறங்கும் நாளிலாவது, அடுத்த பட்டியில் நாய் புகும் இரவிலாவது, உடுமலையில் படித்த ஒருவர் முன்னே நின்று வழிகாட்டத்தக்க நிலைமை ஏற்படவேண்டும். ராஜ்ய சர்க்காரும் கால்நடைப் பல்கலைக்கழகமும் இவ்விஷயத்தைக் காலதாமதமின்றி ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்துகிறோம். திருப்பூர் ஜில்லா வாசிகளும் தங்கள் பிரதிநிதிகளிடம் இதைக் கேட்டு வாங்கவேண்டும்.